அறுபது கிலோ எலக்ட்ரான்

போர்ட் பிளேரில் பதினோரு நாள் எலக்ட்ரானின் எடை அறுபது கிலோவாக இருந்தது. அப்படி ஆக்கியவர் எங்கள் அப்பா வின்சென்ட். அப்போது என் எடை நாற்பத்தேழு. இரண்டாவது தடவையாகப் பிளஸ் ஒன் படிக்கிற ஷெர்லினாகிய என்னைவிட ஓர் எலக்ட்ரான் பதின்மூன்று கிலோ கூடுதல் என்று அர்த்தம் வரும்படியாகப் பள்ளிக்கூடச் சுவரில் சாண் உயர எழுத்தில் எழுதியிருந்தது. அந்தப் பதினோரு நாளும் நான் அதைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போனேன். எழுத்து எவ்வளவு அழகு என்று மட்டும் பார்த்தேன்.

அப்பாவைப் பற்றி எழுதுவதென்றால் அவர் வாந்தி எடுத்ததிலிருந்து தொடங்க வேண்டும். குளச்சல் பக்கத்துக் கடற்கரையில் பிறந்தவர். அவருடைய அப்பா, சித்தப்பா, தாய்மாமன் எல்லாருக்கும் கடல்தான் தொழில். இவருக்கு மட்டும் கரை கண்ணிலிருந்து மறைந்தால் குடல் வாய்க்கு வந்துவிடும். பத்தொன்பது வயதில் தாய்மாமன் தன் படகில் ஆள் வேண்டும் என்று சென்னையிலிருந்து கப்பலேற்றி இங்கே கூட்டி வந்தார். மூன்று நாள் பயணம். ஹேடோ ஜெட்டியில் இறங்கும்போது அப்பாவை இரண்டு பேர் தாங்கிப் பிடித்திருந்தார்களாம். இவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசித்த மாமன், படகில் ஏறாமல் படகுக்குச் செய்யக்கூடிய வேலை ஒன்றைக் கண்டுபிடித்தார். ஒரு டப்பா எனாமல் பெயிண்டும் பிரஷ்ஷும் வாங்கிக் கொடுத்துத் தன் டுங்கிக்கு நம்பர் எழுதச் சொன்னார். டுங்கி என்பது இங்கே மோட்டார் வைத்த சின்ன மீன்படகு.

அந்த முதல் வேலையிலேயே அடி வாங்கினார். நம்பர் நீளம், படகின் மூக்கு குறுகல். கடைசி இரண்டு எண்ணுக்கு இடம் போதாமல் சின்னதாக எழுதிவிட்டார். பரிசோதிக்க வந்த அதிகாரி ஸ்கேலை வைத்துப் பார்த்து, சோட்டா ஹே, சின்னது, என்று மட்டும் சொல்லி, எல்லா எழுத்தும் ஒரே உயரமாகும் வரை படகு நகரக் கூடாது என்று நிறுத்திவிட்டார். சூரை மீன் கூட்டம் கூட்டமாக வந்துகொண்டிருந்த வாரம் அது. மாமன் நான்கு நாள் கரையில் உட்கார்ந்து மருமகனைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். திட்டவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாராம். திட்டியிருந்தால் மறந்திருப்பேன் என்று அப்பா சொல்வார்.

அன்றைக்குப் பிறகு இருபத்தைந்து வருடத்தில் அப்பா கையிலிருந்து சின்ன எழுத்து ஒன்றுகூட வந்ததில்லை. சாக்பீஸ் பொடி தடவிய நூலை மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகச் சுண்டிக் கோடு போடுவார். எல்லாம் அந்த இரண்டு கோட்டுக்குள் நிற்க வேண்டும். எண், எழுத்து, நடுவில் வரும் குறுக்குக் கோடு, எதற்கும் சலுகை கிடையாது. படகின் பெயர் எழுதினாலும் அப்படியே. புனித அந்தோணியாரும் படகு முதலாளியும் ஒரே உயரம். ஜங்கிளிகாட் துறையில் நிற்கிற டுங்கிகளில் பாதிக்குமேல் அப்பா எழுதியவை. அம்மா அமுதம் அங்கேதான் மீன் விற்கிறாள். எந்தப் படகு வருகிறது என்று எழுத்தை வைத்துத் தூரத்திலேயே சொல்லிவிடுவாள்.

போன ஜூலையில் பள்ளியில் அறிவியல் விழா. பள்ளியின் பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் சுவரைப் பார்க்கக் கூட்டம் வரும். இயற்பியல் சார் சிவஞானம் வாசல் சுவரில் அணுவின் குடும்பம் என்று எழுத வைக்கத் திட்டம் போட்டார். எலக்ட்ரான், புரோட்டான், நியூட்ரான் மூன்றுக்கும் நிறை எவ்வளவு என்று மூன்று வரி. மெயின்லேண்டிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார், சுவர் பளிச்சென்று இருக்க வேண்டும். எழுதுகிறவர் உன் அப்பாதானே என்று என்னிடம் கேட்டபோது நான் எவ்வளவு பெருமைப்பட்டேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. பள்ளிப் பதிவில் இருந்த அம்மாவின் நம்பருக்கு வரிகளை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அப்பா அதை ஓர் அட்டையில் பார்த்து எழுதிக்கொண்டு போய், நூலைச் சுண்டி, கடல் நீலத்தில் எழுதினார்.

எலக்ட்ரான் 9.1 x 10-31 kg. எல்லாம் ஒரே உயரம். குறுக்குக் கோடு அழகாக நடுவில்.

விழாவன்று அந்த அதிகாரி சுவர் முன்னால் நின்றார். கணக்கு தெரிந்த மனிதர். ஒன்பது புள்ளி ஒன்றைப் பத்தால் பெருக்கினால் தொண்ணூற்றொன்று, அதில் முப்பத்தொன்று போனால் அறுபது, அப்படியானால் உங்கள் ஊரில் ஓர் எலக்ட்ரான் அறுபது கிலோவா என்று கேட்டார். அடுத்த வரியையும் விடவில்லை. புரோட்டான் சைபருக்குக் கீழே பத்துக் கிலோ. நியூட்ரானும் கிட்டத்தட்ட அவ்வளவே. உங்கள் எலக்ட்ரான் நன்றாகச் சாப்பிடுகிறது, மற்ற இரண்டும் பட்டினி போல என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் கேலிக்குத்தான் சொன்னார், அவர்மேல் எனக்குப் பகை இல்லை.

பகை அடுத்ததில்தான் தொடங்குகிறது. இஸ்திரி போட்ட சட்டையோடு கடைசி வரிசையில் நின்ற அப்பாவைச் சிவஞானம் சார் கைசொடுக்கிக் கூப்பிட்டார். தமிழில் சொன்னால் பாதிப் பேருக்குப் புரியாது என்று எல்லாருக்கும் புரிகிற மாதிரி இந்தியில் சொன்னார்.

“யே தோ நாவ் கா நம்பர் லிக்னே வாலா ஹே. இஸ்கோ க்யா மாலூம்.”

படகுக்கு நம்பர் எழுதுகிறவன், இவனுக்கு என்ன தெரியும். நான் சரியாகத்தான் கொடுத்தேன் என்றும் சேர்த்துக்கொண்டார். அப்பா அதிகாரிக்கு ஒரு கும்பிடு போட்டார். அன்று சாயங்காலமே வெள்ளையடித்து அழிக்கச் சொன்னார்கள், அதையும் அவரே செய்தார். மூன்று கோட்டிங் அடித்தும் மழையில் சுவர் நனைந்தால் அந்த 31 மட்டும் இன்னும் மங்கலாகத் தெரியும்.

மறுநாளே ஜங்கிளிகாட்டில் அப்பாவுக்குப் புதுப் பெயர். அறுபது கிலோ. வாங்க அறுபது கிலோ, டீ சாப்பிடுங்க அறுபது கிலோ. அதைக்கூடச் சிரித்துத் தாண்டினார். தாண்ட முடியாமல் போனது காத்தமுத்துவிடம். அவர் பழைய பழக்கம், மூன்று டுங்கிக்கு முதலாளி. புது டுங்கிக்கு நம்பர் எழுதி முடித்ததும், ஏழாவது படிக்கிற மகனைக் கூட்டி வந்து, சரியாக இருக்கிறதா பார் என்று அப்பா முன்னாலேயே சரிபார்க்கச் சொன்னார். நம்பர் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அப்பா அன்று பிரஷ்ஷைக் கழுவவில்லை. இருபத்தைந்து வருடமாக ஒருநாள்கூடக் கழுவாமல் வைத்ததில்லை. இரண்டு வாரத்தில் அது கல்லாகிவிட்டது. அப்பா ஹேடோவுக்கு மூட்டை தூக்கப் போனார். சிமெண்ட் மூட்டை ஐம்பது கிலோ. எலக்ட்ரானைவிடப் பத்துக் கிலோ குறைவுதானே, தூக்கு என்று அங்கேயும் ஒருவன் சொன்னானாம். சாயங்காலம் அப்பா வீட்டில் குப்புறப் படுத்துக்கொள்வார். அம்மா முதுகில் தைலம் தேய்ப்பாள். கல்லாய்ப் போன பிரஷ் ஜன்னலில் கிடக்கும். அம்மா அதை எடுத்து எறியவில்லை.

எனக்குத் தெரிந்த வழியில் நான் தொடங்கினேன். ஒரு வெள்ளிக்கிழமை சிவஞானம் சாரின் ஸ்கூட்டர் சீட்டைத் திறந்து உள்ளே அரைக் கிலோ மத்தி வைத்தேன். அந்தச் சனியும் ஞாயிறும் நல்ல வெயில். திங்கட்கிழமை அவர் ஸ்கூட்டரை நிறுத்திய இடத்துக்கு ஊரிலுள்ள பூனையெல்லாம் வந்திருந்தது. யாரோ காட்டிக் கொடுத்துவிட்டார்கள். பெற்றோரைக் கூட்டி வா என்றார். இன்னொரு தடவை அப்பாவை அவர் முன்னால் கொண்டு நிறுத்துவதா? நான் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன், திரும்பிப் போகவில்லை. அப்பா விஷயத்தைக் கேட்டுவிட்டு, மத்தியை வீணாக்கிவிட்டாயே என்று மட்டும் சொன்னார். மத்தி அம்மாவின் கூடையிலிருந்து எடுத்தது.

மீன் நாற்றம் ஒரு வாரத்தில் போய்விட்டது. அப்பாவின் பிரஷ் கல்லாகவே கிடந்தது. என் பழி எடையில்லாத பழி என்று எனக்கே தெரிந்தது.

செப்டம்பரில் அம்மாவின் போன் நிறைந்துபோய் ஒரு படம்கூட எடுக்க முடியாமல் ஆனது. வீட்டில் சும்மா இருப்பவள் நான்தானே, துடைத்துக் கொடு என்றாள். காலை வணக்கப் பூக்கள், ஜெபமாலைக் குழுவின் படங்கள், மீன் விலை என்று அழித்துக்கொண்டே மேலே போனால், நடுவில் சிவஞானம் சார். ஜூலை எட்டு, காலை 9.42. எலக்ட்ரான் 9.1 x 10-31 kg.

அப்பா மூட்டை தூக்கிவிட்டு வந்து கை கழுவும்வரை காத்திருந்து போனைக் கையில் கொடுத்தேன். இவ்வளவு நாளும் தான்தான் பார்த்து எழுதும்போது பிசகிவிட்டோம் என்று அவர் நினைத்திருந்தார். அந்த அட்டையும் எங்கோ போய்விட்டது. கண்ணாடி மாட்டி, பெருவிரல் நகத்தைத் திரைமேல் வைத்து, 10-ஐ அளந்தார். அப்புறம் 31-ஐ அளந்தார்.

“ஒரே ஒசரம்,” என்றார்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சரியான எண் எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பிளஸ் ஒன்னில் இரண்டு தடவை உட்கார்ந்தவளுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அந்தப் பதினோரு நாளில் ஒருநாள் சுவர் முன்னால் நின்று, அப்பா இது தப்பு என்று சொல்லியிருப்பேன், அவர் ஒரு மணி நேரத்தில் மாற்றியிருப்பார். நான் சார் மேல் வைத்த மத்தியில் கால் கிலோ என் மேல் வைத்திருக்க வேண்டியது.

அரிசி டிரம்முக்கு முட்டுக் கொடுத்திருந்த இயற்பியல் புத்தகத்தை உருவி எடுத்தேன். ஒரு வருடமும் இரண்டு மாதமும் சார் சொல்லி ஏறாதது மூன்று நாள் ஆத்திரத்தில் ஏறியது. 31-ம் அதன் முன்னால் உள்ள கோடும் பத்தின் தோள்மேல் சின்னதாக உட்கார வேண்டும். உட்கார்ந்தால் அது கழித்தல் இல்லை. புள்ளிக்குப் பிறகு முப்பது சைபர் போட்டு, அப்புறம்தான் 91 என்று அர்த்தம். ஒரு கிலோவில் அவ்வளவு துளி. புரோட்டானும் துளிதான், ஆனால் ஒரு புரோட்டானைத் தராசில் வைத்தால் மறு தட்டில் ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தாறு எலக்ட்ரான் வைக்க வேண்டும். நியூட்ரான் அதைவிட ஒரு இரண்டரை எலக்ட்ரான் எடை கூடுதல். அப்பாவுக்கு முப்பது சைபர் பிடிக்கவில்லை. தராசு பிடித்தது. அம்மாவின் தராசை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“அப்ப அணுவுக்க கனமெல்லாம் நடுவுல குந்தி இருக்கவனுக்குத்தானா? சுத்தி ஓடுதவனுக்கு ஒண்ணும் இல்லியா?”

“இல்லப்பா. கணக்குலயே சேக்க மாட்டாங்க.”

“ஒன் சாரு எங்க குடியிருக்காரு?”

டெலானிபூர் ஏற்றத்தில், அரசாங்கக் குவார்ட்டர்ஸில். அவர் கேட்டுக்கு நேர் எதிரே பொன்னம்மா அக்காவின் டீக்கடை. அதன் பக்கச்சுவர் ஒரு டுங்கி நீளம், சாரின் கேட்டைப் பார்த்தபடி வெறுமையாக நிற்கும். பொன்னம்மா அக்காவுக்கும் சாரோடு ஒரு வழக்கு உண்டு. தினமும் டீயில் கால் கிளாஸ் மீதி வைத்து, தண்ணி என்று சொல்லிவிட்டுப் போவார். அப்பா போய்ச் சுவரைக் கேட்டதும், என்ன எழுதப் போகிறீர்கள் என்றுகூட அக்கா கேட்கவில்லை. பெருசா எழுது தம்பி என்றாராம்.

அன்று சாயங்காலம் அப்பா ஜன்னலிலிருந்து பிரஷ்ஷை எடுத்துத் தின்னரில் போட்டார். நான்கு நாள் ஊறியது. பழைய சீப்பால் வாரி வாரி, பாதி மயிர் உதிர்ந்து, பாதி தேறியது. அக்டோபரில் மழை விட்டுக்கொடுத்த ஒரு சனிக்கிழமை சுவருக்கு வெள்ளையடித்தோம். மறுநாள் காலைப் பூசை முடிந்து நேரே டெலானிபூர். அம்மாவும் அன்று கூடையை எடுக்காமல் எங்களோடு வந்து கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

அப்பா நூலைச் சுண்டினார். சுவரின் மேல் பாதியில், சாண் உயர எழுத்தில், வந்த செய்தியை வந்தபடி எழுதினார். சிவஞானம் சார் அனுப்பியது, ஜூலை 8, காலை 9.42, எலக்ட்ரான் 9.1 x 10-31 kg. கீழ்ப் பாதியில் ஒரு தராசு. ஒரு தட்டில் புரோட்டான் என்று தேங்காய் அளவில் ஓர் உருண்டை. மறு தட்டின் மேல் என் வேலை. பென்சிலின் மொட்டை முனையை நீலப் பெயிண்டில் தொட்டுத் தொட்டுப் புள்ளி வைத்தேன். வரிசைக்கு ஐம்பத்தொன்று, மொத்தம் முப்பத்தாறு வரிசை. கணக்கு சரியாக வரும். கடைசி வரிசையில் மட்டும் ஐம்பது வைத்து நிறுத்திக்கொண்டேன். சிவஞானம் சாரை எனக்குத் தெரியும். விடைத்தாளில் கால் மார்க்குக்குக் கூட்டலை மூன்று தடவை சரிபார்க்கிற ஆள்.

பத்து மணிக்குச் சார் மீன் வாங்கப் பையோடு கேட்டைத் திறந்தார். அதற்குள் கடையில் இருபது பேர் இருந்தார்கள். சுவரைப் படித்தார். முகம் எப்படி ஆனது என்று வர்ணிக்க ஆசைதான், ஆனால் நான் புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன், முதுகுதான் அவர் பக்கம். குரல் கேட்டது. உடனே அழிக்கச் சொன்னார், யாரைக் கேட்டு எழுதினாய் என்றார். என் கடைச் சுவர் சார், நான்தான் எழுதச் சொன்னேன் என்று பொன்னம்மா அக்கா பாலை ஆற்றிக்கொண்டே பதில் சொன்னார். கூட்டத்தில் ஒருவர் போனில் படம் எடுத்தார்.

அப்பா ஏணியிலிருந்து இறங்கினார். பிரஷ் கையிலேயே இருந்தது. தராசுக்கு மேலே இன்னொரு வரி பாதியில் நின்றது. எலக்ட்ரான் 9.1 x 10 வரைக்கும் எழுதி நிறுத்தியிருந்தார்.

“சார், இது செரியான வரி. இதுல அந்தச் சின்ன எண்ணு எவ்வளவு ஒசரம் வைக்கணும்? எனக்குத் தெரியாது. படகுக்கு நம்பர் எளுதுகவன்.”

அப்பா ஏணியில் ஏறவில்லை, பிரஷ்ஷையும் கீழே வைக்கவில்லை. அதே குரலில் மறுபடியும் கேட்டார். கூட்டம் முழுக்கச் சாரைப் பார்த்தது. இயற்பியல் சார், எண்ணுக்கு எங்கே இடம் என்று கேட்டால் தெரியாது என்று சொல்ல முடியுமா? கடைசியில் மீன் பையைக் கை மாற்றி, ஆள்காட்டி விரலில் பாதியைக் காட்டினார்.

“இவ்வளவு. மேல.”

“இத அன்னைக்கு சொல்லல்லியே சார்.”

அவ்வளவுதான் அப்பா சொன்னது. திரும்பி ஏணியில் ஏறினார். இரண்டு கோட்டுக்கும் வெளியே, மேலே, இருபத்தைந்து வருடத்தில் முதல் சின்ன எண்ணை எழுதத் தொடங்கினார். கோட்டுக்கும் 3-க்கும் 1-க்கும் அரை மணி நேரம் பிடித்தது. சார் போகலாம் என்று திரும்பும்போதெல்லாம், இது செரியா சார், கொஞ்சம் பாருங்க என்று அப்பா கூப்பிட்டார். ஒவ்வொரு தடவையும் சார் நின்று, பார்த்து, தலையாட்ட வேண்டியிருந்தது. அன்று அவர் வாங்கப் போன மீன் எல்லாம் விற்றுப் போயிருக்கும். அம்மா பெஞ்சில் உட்கார்ந்தபடி அதைத்தான் சொன்னாள், அவர் காதில் விழும்படி.

அடுத்த வாரமே அறுபது கிலோ என்கிற பெயர் அப்பாவை விட்டுச் சார் மேல் ஏறிக்கொண்டது. டெலானிபூர் வழியாகப் போகிற பஸ்ஸிலிருந்து பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள். அதற்கு நான் ஒன்றும் செய்யவில்லை. இரண்டே இரண்டு பேரிடம் சொன்னேன்.

காத்தமுத்து வந்தார். பழைய டுங்கிக்கு நம்பர் மங்கிவிட்டதாம். அப்பா எட்டு நாள் அலையவிட்டார். ஒன்பதாம் நாள், மகனைக் கூட்டி வந்தால்தான் எழுதுவேன் என்றார். எழுதி முடித்ததும் பிரஷ்ஷை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பையன் நோட்டைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாகச் சத்தமாகப் படித்து, எல்லாம் சரி என்று சொல்லும்வரை காத்தமுத்துவை வெயிலில் நிற்க வைத்தார். அன்று சாயங்காலம் பிரஷ்ஷைக் கழுவினார். ஹேடோவுக்கு மூட்டை தூக்க அதன்பின் போகவில்லை.

நவம்பரில் பொன்னம்மா அக்கா ஒரு தகவல் சொல்லி அனுப்பினார். சிவஞானம் சார் தினமும் காலையில் கேட்டுக்குள் நின்று சுவரைப் பார்த்து விரலை ஆட்டுகிறாராம், உதடு அசைகிறதாம். ஏதாவது ஜெபமா என்று கேட்டார். எண்ணுகிறார் என்று எனக்குப் புரிந்தது. நானும் அப்பாவும் போய்ப் பார்த்தோம். கடைசி வரிசையில் கடைசி இடத்தில் ஐம்பத்தொன்றாவது புள்ளி இருந்தது. நீலச் சாக்பீஸ். வகுப்பறையில் அவர் மட்டும் வைத்திருக்கிற அதே நீலம். மழை பெய்தால் போய்விடுகிறது, மறுநாள் விடிந்தால் திரும்ப இருக்கிறது என்றார் அக்கா.

அப்போதுதான் அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். வேலையைக் குறையாக விட்டதற்கு அவர் கோபப்படுவார் என்று பயந்தேன். குனிந்து அந்தப் புள்ளியைப் பார்த்தார். சட்டைப் பையில் சின்ன டப்பாவும் பிரஷ்ஷும் இருந்தன. மூடியைத் திறந்தார். என்னைப் பார்த்தார், எதிரே மூடியிருந்த கேட்டைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். மூடியைத் திரும்ப அழுத்தினார்.

“கெடக்கட்டு மக்ளே,” என்றார். “மழ வரும்.”